நீர் ஏறும் காலத்தில் வெனிஸ் செல்லலாமா?

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு விழாப் பந்தியில் என் அருகில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். அவரும் அவர்தம் துணைவியாரும் ஐரோப்பாவில் பணியாற்றுகின்றனர். நவம்பர் திங்களில் பெற்றோரை வரவழைத்து, இத்தாலி நாட்டின் கால்வாய் நகரமாகிய வெனிஸுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருந்தனர். அது நீர் ஏறும் காலம் என்று யாரோ அச்சுறுத்திவிட்டார்களாம். "ஐயா, நீங்கள் பொதுப்பணித் துறையில் ஏரியும் மதகுமாகவே வாழ்ந்தவர், அந்நகருக்கும் போய் வந்தவர். போகலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. உண்மையில் எனக்கு ஒரே சொல்லில் விடை சொல்லத் தெரியவில்லை. ஒரு முறை போகவேண்டாம் என்றும் ஒரு முறை போகலாம் என்றும் முடிவு செய்த குடும்பம் எங்களுடையது. அவ்விரண்டு முடிவுகளையும் உங்கள் முன் வைக்கவே இன்று இசைந்தேன்.

முதலில் அந்த நீர் எத்தகையது என்பதைச் சொல்லவேண்டும். நம் ஊர்களில் வெள்ளம் என்றால் வானம் பொழிந்து, ஏரி நிரம்பி, ஆறு கரை மீறி வருவது. வந்த நீர் வடிய நாள்கள் ஆகும். வெனிஸில் ஏறுவதோ கடல் நீர். நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். இதனை ஓதம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களை ஒட்டி ஓதம் மிகும். ஏத்ரியாட்டிக் கடல் நீண்டு குறுகிய ஒரு பள்ளத்தாக்கைப் போன்றது. அதன் வடகோடியில் உள்ள காயலில் வெனிஸ் அமைந்திருக்கிறது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் சிரோக்கோ என்னும் தென்கிழக்குக் காற்று அக்கடலின் நீளம் முழுவதும் வீசி, நீரை வடக்கே தள்ளிக் குவிக்கிறது. காற்றழுத்தமும் தாழ்ந்துவிட்டால் நீர் மேலும் எழும்புகிறது. ஓதத்தின் உச்சமும் காற்றின் உச்சமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும் நாளில் நகரம் நனைகிறது. இதனை அவ்வூரார் 'ஆக்வா ஆல்தா', அதாவது உயர்ந்த நீர், என்கின்றனர். பெரும்பாலும் அக்டோபர் முதல் சனவரி வரை இது நிகழும். மூன்று நான்கு மணி நேரத்தில் நீர் தானே இறங்கிவிடும்.

செய்தித்தாள்களில் வரும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். "வெனிஸில் 140 செ.மீ. நீர்" என்று படித்தவுடன் நம்மில் பலர் கழுத்தளவு நீரை எண்ணிக்கொள்கிறோம். அந்த எண் தெருவில் நிற்கும் நீரின் ஆழம் அன்று. பெருங்கால்வாயின் வாயிலில், சலூத்தே முனை என்னுமிடத்தில் ஓர் அளவுகோல் உண்டு. 1897ஆம் ஆண்டின் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழி எனக் கொண்டு, அதற்கு மேல் கடல் எவ்வளவு நிற்கிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. நகரின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்றான புனித மாற்கு சதுக்கத்தில் 80 செ.மீ. அளவிலேயே வடிகால் துளைகளின் வழியாக நீர் கொப்புளிக்கத் தொடங்கும். 110 செ.மீ. ஆனால் நகரில் எட்டில் ஒரு பங்கு நனையும். 140 செ.மீ. ஆனால் பாதிக்கு மேல் நனையும். ஆகவே 140 என்றால் தெருக்களில் பெரும்பாலும் கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான நீரே. மதகருகே நின்று அளவுகோல் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மற்றவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

இனி எங்கள் முதல் முடிவுக்கு வருகிறேன்.

2019 நவம்பரில் நானும் என் மனைவியும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். 14ஆம் நாள் இரயிலில் வெனிஸ் செல்ல மருமகன் பயணச்சீட்டு எடுத்து, சிறிய விடுதி ஒன்றில் மூன்று இரவுகளுக்கு அறையும் பதிவு செய்திருந்தார். 12ஆம் நாள் இரவு அங்கே நீர் 187 செ.மீ. வரை ஏறியது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஏறிய 194 செ.மீ.க்கு அடுத்து, அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் அதுவே பெரியது. நகரின் பெரும்பகுதி மூழ்கியது. புனித மாற்கு பேராலயத்தின் நிலவறைக்குள் நீர் புகுந்தது. காயலின் விளிம்பில் உள்ள பெல்லெஸ்த்ரீனா தீவில், வீட்டிலிருந்த நீரை இறைக்க முயன்ற முதியவர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார்.

13ஆம் நாள் காலை நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். அப்போது எட்டு வயதாயிருந்த பேரன், "தாத்தா, கட்டாயம் போவோம்! தெருவெல்லாம் தண்ணீர்!" என்று குதித்தான். மருமகன் கணக்குப் பார்த்தார். பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்றார். நான் பொறியாளன் புத்தியோடு, "நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், நாளை மாலை நாம் போய்ச் சேரும்போது தரை காய்ந்திருக்கும்" என்றேன். என் மனைவி மட்டும் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்ல, "என் தங்கை வீட்டில் தண்ணீர் வந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களை மறந்துவிட்டீர்களா?" என்றாள்.

நான் மறக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம், சென்னையில் அடையாற்று நீர் புகுந்த பகுதி ஒன்றில் அவர்கள் வீடு. நீர் சற்றே இறங்கி, வீட்டுக்குள்ளிருந்த சேற்றை முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தோம். தெருவில் இன்னும் முழங்கால் நீர். உதவிக்கு வந்த வண்டிகள் சில. பார்க்க வந்த வண்டிகள் பல. ஒவ்வொரு பெரிய வண்டியும் கடந்து செல்லும்போது அதன் பின்னே எழும் அலை, அள்ளி முடித்த கூடத்துக்குள் மீண்டும் சேற்றைக் கொண்டுவந்து ஊற்றும். வண்டியில் இருந்தவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். தம் வண்டியின் பின்னே அலை எழுவது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தபோது, என் மைத்துனி நனைந்த புடவையோடு கதவின் பின்னே ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

வெனிஸிலும் இதே துன்பம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். படகுகள் எழுப்பும் அலை அங்கே ஆண்டு முழுவதும் பேசப்படும் ஒரு பெரும் குறை. அவ்வலைதான் கட்டடங்களின் அடித்தளச் செங்கல்லைச் சிறிது சிறிதாகத் தின்கிறது. நீர் உயர்ந்த நாளில் விரைந்து செல்லும் படகின் அலை நேரே வாயிற்படிக்குள் ஏறுகிறது.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களில் முதலாவது திக்விரதம். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று எல்லை வகுத்துக்கொள்வது. பயனின்றிப் பிறவுயிர்க்கு இடர் செய்வதை விலக்கும் அநர்த்ததண்ட விரதமும் அவற்றுள் ஒன்று. நீரைக் காரணமின்றிச் சிந்துவதும், பயனின்றித் திரிவதும் அதனுள் அடங்கும் என நம் ஆன்றோர் விரித்துரைத்துள்ளனர். மழைக்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிவிடுவதும் தம் கால் நனையும் என்பதற்காக அன்று. காலடியில் பெருகியிருக்கும் சிற்றுயிர்களுக்காக. இவையெல்லாம் எனக்கு அன்று காலை நினைவுக்கு வந்தன என்று சொன்னால் அது பொய். மியூனிக்கில் நான் பயணச்சீட்டின் விலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைவூட்டியவள் என் மனைவி.

ஆனால் செய்தி அத்துடன் முடியவில்லை. மருமகன் விடுதிக்குத் தொலைபேசினார். அதனை நடத்துபவர் அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார். அவர் அழும் குரலில், "வாருங்கள். எல்லோரும் வரவில்லை என்றே சொல்கிறார்கள். நீரைவிட இது எங்களைக் கொன்றுவிடும்" என்றாராம். இதனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. போனால் துன்பத்தை வேடிக்கை பார்த்தவர்கள் ஆவோம். போகாவிட்டால் அவர் பிழைப்பில் மண் விழும். இரண்டில் எது சிறிய தீங்கு?

என் மனைவி சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போகவேண்டாம். கொடுத்த பணத்தையும் கேட்கவேண்டாம். இன்னொரு முறை வருகிறோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி போகவும் வேண்டும்." முதியவர் இருவரும் ஒரு சிறுவனும் அந்த வாரத்தில் அங்கே சென்றால், அம்மையார் சேற்றை விட்டுவிட்டு எங்களுக்குப் படுக்கை விரிக்கவேண்டியிருக்கும் என்பது அவள் கருத்து. கைவண்டியும் வாளியுமாக நூல்களையும் இசைச் சுவடிகளையும் மீட்க இளைஞர்கள் அங்கே திரண்டிருந்தனர். அவர்களைப் போல உழைக்கக்கூடியவர்கள் போனால் அது வேறு. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அந்த வாரத்தில் 15ஆம் நாள் 154 செ.மீ., 17ஆம் நாள் 150 செ.மீ. என நீர் மீண்டும் மீண்டும் ஏறியது. சதுக்கத்தையே மூடிவிட்டார்கள். பேரனுக்கு என் மீது நெடுநாள் வருத்தம்.

பிறகு பெருந்தொற்று வந்தது. சொன்ன சொல்லைக் காக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

2022 நவம்பர் 20ஆம் நாள் நாங்கள் வெனிஸ் சென்று சேர்ந்தோம். அதே நவம்பர், அதே நீர் ஏறும் காலம். இம்முறை ஏன் தயங்கவில்லை? இடையில் மதகுகள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தொழில் ஆசை.

வெனிஸ் காயலுக்கும் கடலுக்கும் இடையே லீதோ, மலமோக்கோ, கியோஜா என மூன்று வாயில்கள் உள்ளன. அம்மூன்றிலும் கடலடியில் கற்காரைப் பெட்டிகளை அமைத்து, அவற்றுள் 78 எஃகுக் கதவுகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். நம் ஏரி மதகின் ஷட்டர் மேலிருந்து கீழே இறங்கும். இவை கீழிருந்து மேலே எழும். கதவின் உள்ளே வெற்றிடம். சும்மா இருக்கும்போது அதில் நீர் நிரம்பியிருக்கும்; கதவு அடியில் கிடக்கும். உயர்ந்த ஓதம் வருமென்று தெரிந்தால் அழுத்தக் காற்றைச் செலுத்தி உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுகிறார்கள். கதவு ஒரு கீலில் சுழன்று தானே மிதந்து எழுகிறது. கடலின் அலைக்கேற்பச் சாய்ந்து ஆடியபடியே அது தடுப்பாக நிற்கும். மோசே என்பது இத்திட்டத்தின் பெயர். 2003ஆம் ஆண்டு கட்டத் தொடங்கினார்கள். செலவு ஐந்நூறு கோடி யூரோவையும் கடந்தது. கையூட்டுக் குற்றச்சாட்டில் 2014இல் அந்நகர மேயரே கைது செய்யப்பட்டார். இந்தக் கதை உலகெங்கும் ஒரே மாதிரிதான் போலும்! 2020 அக்டோபர் 3ஆம் நாள் முதன்முறையாக உண்மையான உயர் ஓதத்தின்போது எழுப்பிப் பார்த்தார்கள், நகரம் நனையவில்லை.

ஆயினும் கதவு இருப்பதால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நீர் வரம்புக்குக் கீழேதான் நிற்கும் என்று கணித்து, கதவுகளை எழுப்பாமல் விட்டார்கள். காற்று கணிப்பை மீறியது. நீர் 138 செ.மீ. ஏறியது. மதகு எவ்வளவு வலியதாயினும், திறப்பதா மூடுவதா என்று முன்னிரவில் முடிவெடுப்பவன் கணிப்பைப் பொறுத்தே எல்லாம். இதை எழுதும்போதும் எனக்குச் சில ஐப்பசி இரவுகள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு முறை எழுப்பவும் இலட்சக்கணக்கான யூரோ செலவு. எழுப்பியிருக்கும் நேரத்தில் கப்பல் போக்குவரத்தும் நிற்கும். ஆதலால் 110 செ.மீ. அளவுக்கு மேல் வரும் என்ற கணிப்பு இருந்தால்தான் பொதுவாக எழுப்புகிறார்கள். அதற்குக் கீழே உள்ள ஓதத்தில் மாற்கு சதுக்கம் இன்றும் நனையக்கூடும். பேராலயத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடித் தடுப்பு ஒன்றை அந்த 2022 நவம்பரில்தான் முடித்திருந்தார்கள்.

நாங்கள் சென்ற மறுநாள், நவம்பர் 21, அந்நகரின் சலூத்தே திருவிழா. 1630ஆம் ஆண்டு வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழுப்பிய கோயிலுக்கு, பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகமாக அமைக்கும் பாலத்தின் வழியே ஊரார் சாரி சாரியாக மெழுகுதிரி ஏந்திச் செல்கின்றனர். கோடையில் வந்தால் பயணிகளைத்தான் பார்க்கலாம். அன்று ஊராரைப் பார்த்தோம். அந்தத் தீவு நகரில் 1951இல் ஒன்றே முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். நாங்கள் சென்ற ஆண்டில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே குறைந்திருந்தனர். நீர் மட்டும் அதற்குக் காரணமன்று. வீட்டு வாடகையும், எங்களைப் போன்ற விருந்தினர் கூட்டமும் காரணம்.

அன்று அவர்கள் உண்ணும் சிறப்புணவு ஆட்டிறைச்சி இட்ட முட்டைக்கோசுச் சாறு. நாங்கள் அறையிலேயே சமைத்துக்கொண்டோம். இங்கே ஒன்றைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ளவேண்டும். நவம்பர் இறுதியில் அங்கே மாலை 4.30 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். அங்குள்ள உணவகங்கள் பிற்பகலில் மூடி, இரவு ஏழு மணிக்குத்தான் மீண்டும் திறக்கும். இரவில் உண்ணாதோர் நான்கு மணிக்குள் உண்டு முடிக்கவேண்டும். சமையலறையுடன் கூடிய இடம் எடுப்பதே நலம். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் பொலெந்தா எங்கும் கிடைக்கும். நம் கூழுக்கு உறவு என்று சொல்லலாம்.

சதுக்கங்களில் கல்லால் ஆன பழைய கிணற்று வாய்கள் இருப்பதைப் பேரன் காட்டினான். அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல. மழைநீரை மணல் வழியே வடிகட்டிச் சேமித்த நிலத்தொட்டிகள். உயர்ந்த கடல்நீர் உள்ளே புகாதிருக்க அவற்றைப் படிகளின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நீரை வடிகட்டாமல் குடியாத நமக்கு அவற்றின் அருகே நிற்பது ஏதோ சொந்த ஊரில் நிற்பது போலிருந்தது. மார்கோ போலோ வாழ்ந்த வீடு இருந்த முற்றத்தையும் பார்த்தோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகத்தைப் பற்றிக் கூறிய அந்த வெனிஸ்காரர், ஆடையின்றித் திரிந்து, ஈ எறும்பையும் கொல்லாது, பச்சை இலைக்கும் உயிருண்டென்று அதனை உண்ணாதிருந்த துறவிகளைப் பற்றியும் இந்தியப் பகுதியில் குறித்திருக்கிறார். அவர்கள் நம் முனிவர்கள்தாமா என்று அறுதியிட முடியாது. ஆயினும் அந்த முற்றத்தில் என் மனைவி சற்று நேரம் கை கூப்பி நின்றாள்.

22ஆம் நாள் விடியலுக்கு முன்பே காற்று சன்னல்களை அறைந்தது. ஓதம் மிகுமென்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள்; கதவுகளை எழுப்பியிருந்தார்கள். அன்று காலை மதகுகளுக்கு வெளியே கடல் 173 செ.மீ. நின்றது. 2018 அக்டோபரில் நகரின் முக்கால் பங்கை நனைத்த 156 செ.மீ.யைவிட அது உயரம். உள்ளே நகரில் 60 செ.மீ.யைச் சற்றே தாண்டி நின்றது. நாங்கள் மாற்கு சதுக்கத்தில் காய்ந்த கல்லின் மேல் நின்றோம். பதினொரு வயதாகிவிட்ட பேரன் இரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு வந்து ஏமாந்து போனான். "ஒன்றுமே நடக்கவில்லையே தாத்தா!" என்றான். முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில், அந்தச் சொல்லை யாரேனும் சொல்லமாட்டார்களா என்று நான் எத்தனையோ இரவு காத்திருந்திருக்கிறேன்.

விடுதிக்குத் திரும்பியபோது அந்த அம்மையார் நடைவழியில் நின்றிருந்தார். முதல் நாள் எங்களைக் கண்டதும் அவர் எங்கள் பெயரைக் கேட்கவில்லை; மூன்று ஆண்டு முன் வராதவர்கள் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அன்று கைப்பிடித்து அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார். செங்கல்லில் உப்புப் பூத்து, வண்ணம் எத்தனை முறை பூசினாலும் நில்லாத ஒரு கோடு. அதற்கு மேல் கரிக்கோலால் 12.11.2019 என்று எழுதியிருந்தது. அவ்விடத்துத் தரையின் மட்டம் ஏறக்குறைய 110. ஆகவே அன்றிரவு அங்கே நின்ற நீர் முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் என்று நான் கணக்கிட்டேன். அவர் கணக்கிடவில்லை; கையைத் தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே வைத்துக் காட்டினார். அந்தக் காலை முழுவதும் அவர் வெளியே வரவில்லையாம். வாயிலில் இரும்புப் பலகையைச் செருகிவிட்டு நடைவழியிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாராம். கதவுகள் எழுந்துவிட்டன என்ற செய்தி கைபேசியில் வந்த பிறகும்.

பந்தியில் வினவிய அந்த இளைஞர் இன்று அவையில் இருப்பதைக் காண்கிறேன். தம்பி, நவம்பரில் அழைத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் அந்நகராட்சியின் ஓத முன்கணிப்பு நடுவம் வெளியிடும் செய்தியைப் பாருங்கள். காலையில் வந்து மாலையில் திரும்பாமல் ஊருக்குள்ளேயே சில இரவுகள் தங்குங்கள். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வரமுடியாவிட்டால் அப்போது பதற்றம் இராது. சங்கொலி கேட்டால் அதன் பின்வரும் தொனிகளை எண்ணுங்கள். ஒன்றென்றால் 110, நான்கென்றால் 140 அல்லது அதற்கும் மேல். பலகைப் பாதையில் நின்று படம் எடுக்கவேண்டாம். பின்னால் வேலைக்குச் செல்பவர் காத்திருப்பார். நீரை இறைத்துக்கொண்டிருக்கும் கடைக்காரரையும் படம் எடுக்கவேண்டாம். 2019 போன்ற ஒரு வாரம் மீண்டும் வந்தால், அப்போது பயணச்சீட்டின் விலையைப் பாராதீர்கள்; என்ன செய்வது என்று அந்த விடுதிக்காரரையே கேளுங்கள், பிறகு உங்கள் அன்னையாரையும் கேளுங்கள்.

ஓத அட்டவணையைப் படிக்கும் முறையை அறிய விரும்புவோர்க்கு, இன்று பந்தி முடிந்தபின் நான் திண்ணையில் இருப்பேன்.